ஒரு கோடாலி, ஒரு தூண்டில், ஒரு பழைய செஸ்னா!

ஆளுக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு. ஒரு கோடாலி. முதலுதவிப் பெட்டி. தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு. ஒரு கத்தி. தீ மூட்ட ஏதாவது. தூரத்தில் போகிறவனைக் கூப்பிட இரண்டு சமிக்ஞைச் சாதனங்கள். ஆளுக்கொரு கொசுவலை, தலையில் மட்டும் மாட்டிக்கொள்கிற சைஸில்.

படித்தவுடன் ஏதோ ஆதிவாசி கல்யாணத்துக்குச் சீர்வரிசை என்று நினைத்தால் அது உங்கள் தப்பில்லை. ஆனால் இது சட்டம். அலாஸ்கா மாநிலத்துக்குள் விமானம் ஓட்டுகிறவன் இந்தச் சாமான்கள் இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் முதல் தேதி வரை என்றால் பனியில் நடக்கிற செருப்பு, ஸ்லீப்பிங் பேக், கம்பளி எல்லாம் கூடுதல். நம்மூரில் விமானம் ஏறும்போது நகவெட்டியைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே கோடாலி இல்லாமல் ஏறினால் குற்றம்!

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். மேப்பை எடுத்துப் பாருங்கள். அலாஸ்காவின் பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர். பதின்மூன்று தமிழ்நாட்டை உள்ளே உட்கார வைக்கலாம். ஜனத்தொகை 2020 கணக்குப்படி 7 லட்சத்து 33 ஆயிரம். அதாவது மதுரை நகரத்துக் கூட்டம்கூட இல்லை. 1867ல் ரஷ்யாக்காரன் இதை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றான். வாங்கிய மந்திரியை அப்போது பத்திரிகைகள் கிண்டல் பண்ணித் தீர்த்தன. இன்றைக்கும் பெரும்பாலான ஊர்களுக்கு ரோடு கிடையாது. தலைநகரம் ஜூனோவுக்கே வெளியிலிருந்து ரோடு கிடையாது; கப்பலில் போ, அல்லது பறந்து போ. அதனால் அங்கே குட்டி விமானம் என்பது பணக்கார ஆசாமியின் பொழுதுபோக்கு இல்லை. பால்காரன் சைக்கிள், மினி பஸ், ஆம்புலன்ஸ், தபால்காரர் எல்லாம் அதுதான். பிரசவ வலி எடுத்தால் விமானம். பள்ளிக்கூடப் பையன்கள் பக்கத்து ஊரில் கூடைப்பந்து ஆடப் போனால் விமானம்.

இந்த அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊரில் என் நண்பன் இருக்கிறான். இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறை. அந்தக் காலத்தில் அவன் சைக்கிளில் டபுள்ஸ் ஏற எல்லோரும் பயப்படுவோம். அவன் கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்கா போனான், அங்கிருந்து யாரும் போகாத மூலைக்குப் போனான், பைலட் லைசென்ஸ் வாங்கினான், மூன்றாம் கை விமானம் ஒன்றும் வாங்கினான். "வாடா, வடக்கே சுத்திக் காட்டறேன்" என்று பதினைந்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். 2023 ஆகஸ்ட்டில் எப்படியோ இரண்டு வாரம் லீவ் சாங்ஷன் ஆனது. போனேன்.

தாத்தா விமானம்

அவனுடைய விமானம் செஸ்னா 180. 1955ஆம் வருஷத்து மாடல். எங்கள் இரண்டு பேரையும்விட வயசில் மூத்தது. நாலு ஸீட், ஒரே இன்ஜின், ஆறு சிலிண்டர், 225 குதிரை சக்தி. பார்த்தவுடன் எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. கதவு, பழைய அம்பாஸடர் கார் கதவு மாதிரி 'டப்' என்று சாத்திக்கொண்டது.

"மாப்ளே, இது பறக்குமா?"

"இதே மாடல்லதான்டா 1964ல ஜெர்ரி மாக்னு ஒரு அம்மா உலகத்தையே சுத்தி வந்தாங்க."

விசாரித்ததில் உண்மைதான். ஒஹையோ மாநிலத்துக் குடும்பத் தலைவி, மூன்று பிள்ளைகளுக்கு அம்மா, வயது 38. இருபத்தொன்பது நாளில் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண். வழியில் கராச்சி, டெல்லி, கல்கத்தா எல்லாம் இறங்கி எழுந்து போயிருக்கிறார். அந்த அம்மாவை மனசில் நினைத்துக்கொண்டு ஏறலாம் என்று பார்த்தால், நண்பன் தடுத்தான். முதலில் எடை.

வீட்டில் இருக்கிற எடை மெஷினை விமானத்துக்குப் பக்கத்தில் வைத்து, பூட்ஸ், கோட், பாக்கெட்டில் இருந்த சில்லறை உட்பட என்னை நிறுத்தி எழுதிக்கொண்டான். பிறகு டெண்ட், அரிசி, பெட்ரோல் கேன், கோடாலி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எடை. எனக்கு வரன் பார்த்த நாட்களில்கூட யாரும் என்னை இவ்வளவு துல்லியமாக எடை போட்டதில்லை.

இந்த வகை விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும். அதனால் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, மாமியாரைப் பார்த்த மருமகள் மாதிரி நிற்கும். காரணம் இருக்கிறது. மூக்கு உயரத்தில் இருந்தால், கரடுமுரடான இடத்தில் இறங்கும்போது புரொபல்லர் கல்லில் அடிபடாது. முன்சக்கரம் இரண்டும் சைஸில் யானைக்குட்டி. உள்ளே காற்று ரொம்பக் குறைவு. விரலால் அமுக்கினால் பள்ளம் விழும். கூழாங்கல், மணல், பள்ளம் எல்லாவற்றையும் அந்த மெத்து டயர் விழுங்கிக்கொண்டு உருளும்.

கிளம்புவதற்கு முன் ஒரு போன். எங்கே போகிறோம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், விமானத்தின் கலர் என்ன. இதற்கு ஃப்ளைட் பிளான் என்று பெயர். "எதுக்குடா கலர்?" என்றேன். "தேடறதுக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டினான்.

வாத்தியார் ஆரம்பித்து வைத்தது

அந்த வானத்தில் முதலில் தபால் கொண்டு போனவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் கார்ல் பென் ஐல்சன். ஃபேர்பேங்க்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த வந்தவர், ஊர்க்காரர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து விமானம் வாங்க வைத்தார். 1924 பிப்ரவரி 21ஆம் தேதி தபால் மூட்டையோடு மெக்ராத் என்ற ஊருக்குப் பறந்தார். நாய் வண்டியில் அந்தத் தூரத்துக்கு மூன்று வாரம்கூட ஆகும். அவருக்கு ஆனது மூன்று மணி நேரத்துக்குள். மேலே கூரை இல்லாத விமானம். முகத்தில் பனிக்காற்று அறையும். திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. அந்தப் பக்கத்துப் பனிக்கால வெளிச்சம் அவ்வளவுதான். இறங்கும்போது விமானம் அடிபட்டது, வாத்தியார் தப்பித்தார். சில மாதங்களில் இப்படிப் பல விபத்து ஆனதும் தபால் இலாகா 'போதும் சாமி' என்று ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

அடுத்த வருஷம், 1925 ஜனவரியில், நோம் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து வேண்டும். விமானத்தில் அனுப்பலாமா என்று யோசித்தார்கள். குளிர்காலத்துக்காக விமானங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் இருபது பேர் மாற்றி மாற்றி நாய் வண்டி ஓட்டி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். நாய் ஜெயித்தது, விமானம் தோற்றது. ஆனால் ஐல்சன் விடவில்லை. 1928ல் துருவக் கடலையே தாண்டி நார்வே தீவு வரை பறந்தார். 1929 நவம்பரில் சைபீரியா பக்கம் பனியில் சிக்கிய கப்பலுக்கு உதவப் போனபோது விழுந்து இறந்தார். உடலைத் தேடி எடுக்கவே மூன்று மாதம் ஆயிற்று. வயது 32.

1972 அக்டோபரில் இரண்டு அமெரிக்க எம்.பி.க்கள், ஹேல் பாக்ஸ், நிக் பெகிச், ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குக் குட்டி விமானத்தில் கிளம்பினார்கள். 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டு கிடைக்கவில்லை. விமானத்துக்குள் 'நான் இங்கே விழுந்திருக்கிறேன்' என்று தானாகக் கத்துகிற ரேடியோ கருவி கட்டாயமானது அதற்கப்புறம்தான்.

இதையெல்லாம் நண்பன் ஆறாயிரம் அடி உயரத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். கேட்க ரொம்ப உற்சாகமாக இருந்தது!

பாலைவனமும் பனிப்பிரதேசமும்

ஃபேர்பேங்க்ஸ் தாண்டிப் பத்து நிமிஷத்தில் வீடுகள் நின்றுவிடுகின்றன. அப்புறம் மரம். கருகல் பச்சையில், ஒல்லி ஒல்லியாக, பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தலைகீழாக நட்டு வைத்தது மாதிரி ஸ்ப்ரூஸ் மரங்கள். அடியில் மண் நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் வேர் ஆழம் போகாது. சில மரங்கள் குடிகாரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. யூகான் நதி காவேரியில் வெள்ளம் வந்த கலரில் அகலமாக ஓடுகிறது. பக்கத்திலேயே எண்ணெய்க் குழாய், 1977ல் ஓட ஆரம்பித்தது, 800 மைல் நீளம், வெயிலில் வெள்ளிக் கோடு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அதை ஒட்டி ஒரே ஒரு ரோடு. கொஞ்ச நேரத்தில் எங்களைவிட்டு அதுவும் விலகிவிட்டது.

முதல் நாள் பெட்டில்ஸ். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. முப்பது பேர்கூட இல்லாத ஊருக்கு ஏறக்குறைய ஒரு மைல் நீளத்தில் ஓடுபாதை! பக்கத்தில் ஆரம்பிக்கிறது 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' தேசியப் பூங்கா. ஆர்க்டிக்கின் வாசற்கதவு என்று அர்த்தம். ராபர்ட் மார்ஷல் என்ற வனத்துறைக்காரர், ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் காவல் நிற்கிற இரண்டு மலைகளைப் பார்த்து வைத்த பெயர். பரப்பு கேரளாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உள்ளே ஒரு ரோடு இல்லை, ஒற்றையடிப் பாதைகூட இல்லை. வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். திருப்பதியில் காலை டிபனுக்கு முன்னால் அவ்வளவு பேர் கியூவில் நிற்பார்கள்.

வனத்துறை அலுவலகத்தில் கரடியால் திறக்க முடியாத டப்பா ஒன்று இரவல் கொடுத்தார்கள். சாப்பாட்டை அதற்குள் வைத்து டெண்ட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கரடியால் மட்டுமில்லை, முதல் பத்து நிமிஷம் என்னாலும் திறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மேற்கே ஒன்றரை மணி நேரம் பறந்து கோபுக் மணல்மேட்டுக்குப் போனோம். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, சுற்றிலும் காடு, நடுவில் சுமார் 65 சதுர கிலோமீட்டருக்கு ராஜஸ்தான்! பனிப்பாறைகள் மலையை அரைத்த மாவு, காற்றில் பறந்து வந்து ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் குவிந்தது. கெட்டியான மணலில் யானை டயர் மெத்தென்று இறங்கியது. இன்ஜினை அணைத்ததும் காதில் ஓர் அமைதி. நம் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிற அமைதி. அண்ணா சாலையில் இருபது வருஷம் பஸ் பிடித்தவனுக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மணலில் கோலம் போட்ட மாதிரி காரிபூ மான்களின் குளம்புத் தடம், அதன் மேலேயே ஓநாயின் தடம். கதையை நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ராத்திரி அங்கேயே டெண்ட். ராத்திரி என்று பெயர்தான். பத்தரை மணிக்கும் பேப்பர் படிக்கலாம். நண்பன் ஸ்டவ்வில் அரிசியும் பருப்பும் போட்டு, ஊரிலிருந்து நான் கொண்டுபோன பருப்புப்பொடியும் ஊறுகாயும் சேர்த்து ஒரு சாப்பாடு போட்டான். ஆர்க்டிக்கில் ஆவக்காய்! அந்த வாசனைக்குக் கரடி வந்தால் அதற்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும்.

பள்ளத்தாக்கில் ஒரு யூ-டர்ன்

நாலாம் நாள்தான் விஷயம். பெட்டில்ஸிலிருந்து வடக்கே ஜான் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அனக்டூவுக் பாஸ் என்ற மலைக் கிராமத்துக்குப் போக வேண்டும். தூரம் 140 கிலோமீட்டர்தான். காலையில் கம்ப்யூட்டரில் அந்த ஊர் வானிலைக் கேமராவைப் பார்த்தோம். மாநிலம் முழுக்க இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் இப்படிக் கேமரா வைத்திருக்கிறார்கள். படத்தில் வானம் தெளிவு. கிளம்பினோம்.

பாதி வழி வரை மலைகளுக்கு நடுவில் ராஜபாட்டை. நண்பன் நடுவில் பறக்காமல் வலது பக்க மலையை உரசுவது மாதிரி ஓரமாகவே ஓட்டினான்.

"ஏன்டா இவ்வளவு ஓரமா போறே? நடுவுல போயேன்."

"நடுவுல போனா திரும்ப பாதி இடம்தான் இருக்கும். ஓரமா போனா முழு இடம் இருக்கும்."

சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் எதிரே வெள்ளைச் சுவர். மேகம் மேலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கை மூடி போட்டு மூடியிருந்தது. அந்த ஊரில் தெளிவு, இந்த ஊரில் தெளிவு, நடுவில் இருக்கிற வளைவை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. அடியில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. அதற்குள் புகுந்து போய்விடலாம் போல எனக்குப் பட்டது. நண்பன் அதைப் பார்க்கக்கூட இல்லை. வேகத்தைக் குறைத்தான், இறக்கையின் ஃப்ளாப்பை இறக்கினான், இடது பக்கம் சாய்த்தான். ஜன்னல் முழுக்க எதிர் மலையின் பாறை வந்து போனது. வந்த வழியே திரும்பிவிட்டோம். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும்.

பார்த்தால், வந்த வழியிலும் பின்னாலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது! நண்பன் கீழே ஆற்றங்கரையில் ஒரு கூழாங்கல் திட்டைப் பார்த்தான். அதன் மேல் தாழ்வாக ஒரு முறை பறந்தான். "கையில வாட்ச் இருக்கா? நான் சொன்னதும் எண்ணு" என்றான். மணிக்கு 70 மைல் வேகத்தில் போனால் வினாடிக்கு நூறு அடி. இதுதான் வாய்ப்பாடு. பதின்மூன்று எண்ணினேன். அப்படியானால் 1,300 அடி. இரண்டாம் முறை கல்லின் சைஸ் பார்த்தான். மூன்றாம் முறை சக்கரத்தால் லேசாக உரசி மேலே தூக்கினான், தரை கெட்டியா என்று. நாலாம் முறை இறங்கிவிட்டான். நான் கண்ணைத் திறந்தபோது நின்றிருந்தோம்.

சாட்டிலைட் மெசேஜ் கருவியில் 'பத்திரமாக இறங்கிவிட்டோம், காத்திருக்கிறோம்' என்று செய்தி அனுப்பி ஃப்ளைட் பிளானை நீட்டித்தான். டெண்ட் அடித்தோம். மழை பிடித்தது.

சுருங்குகிற ஓடுபாதை

மழை இரண்டு நாள் விடவில்லை. திங்கட்கிழமை ஃபேர்பேங்க்ஸிலிருந்து எனக்கு விமானம். அங்கிருந்து சியாட்டில், அப்புறம் சென்னை. புதன்கிழமை ஆபீஸ். டெண்ட்டுக்குள் படுத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பன் சிரித்தான். "மாப்ளே, மேகத்துக்கு லீவ் லெட்டர் படிக்கத் தெரியாது. இங்க செத்தவங்கள்ல பாதிப் பேர் விமானம் ஓட்டத் தெரியாம சாகல. திங்கட்கிழமை எங்கேயோ இருந்தாகணும்னு செத்தாங்க."

அதைவிடப் பெரிய கவலை ஒன்று தண்ணீர் ரூபத்தில் வந்தது. மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்க, எங்கள் கூழாங்கல் திட்டு சுருங்க ஆரம்பித்தது. நண்பன் தண்ணீர் விளிம்பில் குச்சிகளை நட்டு வைத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் குச்சி தண்ணீருக்குள். இன்னொரு குச்சி. அதுவும் உள்ளே. 1,300 அடி ஓடுபாதை மறுநாள் ஆயிரம் ஆயிற்று. அதற்கடுத்த நாள் காலையில் மழை விட்டபோது நடந்து அளந்தோம். 700 அடி.

முழு பாரத்தோடு இந்த விமானம் எழும்ப நல்ல தரையில் 650 அடி போல வேண்டும். கூழாங்கல்லில் இன்னும் கூட. 700ல் போகலாமா? போகலாம், எல்லாம் சரியாக நடந்தால். நண்பன் பாக்கெட் நோட்டை எடுத்து, நாங்கள் கிளம்பும்போது எழுதிய எடைகளை மறுபடி கூட்டினான். அப்போதுதான் எனக்கு அந்தச் சில்லறைக் கணக்கின் அர்த்தம் புரிந்தது.

"ரெண்டு தடவையா போறேன். முதல்ல சாமானை பெட்டில்ஸ்ல இறக்கிட்டு, வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நீ இங்க இரு."

"தனியாவா?"

"கரை மேட்டோட சேர்ந்துதான் இருக்கு, தண்ணி வந்தா மேல ஏறிடு. டெண்ட், சாப்பாடு, கோடாலி உன்கிட்ட இருக்கட்டும். இதையும் வெச்சுக்கோ."

கையில் கொடுத்தது சாட்டிலைட் கருவி. இருந்ததே ஒன்றுதான். அவனுக்கு வழியில் ஏதாவது ஆனால்? கேட்கிறதுக்குள் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. விமானம் கல்லை வாரி இறைத்துக்கொண்டு ஓடி, திட்டின் பாதியிலேயே எழும்பி, வளைவில் மறைந்தது. மணி காலை 9.10.

போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், இறக்க கொஞ்சம் நேரம். பத்தரைக்குள் வந்துவிட வேண்டும். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு கரடி வந்தது. பழுப்பு நிற கிரிஸ்லி, நம் மாருதி எண்ணூறு சைஸில் இருந்த மாதிரி அப்போது பட்டது. புதரில் பழம் தின்றுகொண்டிருந்தது. 'மனுஷன் இருக்கிறான் என்று தெரிகிற மாதிரி சத்தம் போடு, ஓடாதே' என்று வனத்துறையில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த சத்தம் பழைய டி.எம்.எஸ். பாட்டுதான். நாலு பாட்டு அடிவயிற்றிலிருந்து பாடினேன். கரடி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது, பின்னால் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. இசை ஞானமுள்ள கரடி!

கரடி போனபிறகு பயம் அதிகமாயிற்று. கரடி இருந்தவரை யோசிக்க நேரமில்லை. இப்போது நண்பன் ஞாபகம் மட்டும்தான். அவன் மனைவியிடம் என்ன சொல்வது, அவன் அம்மா தஞ்சாவூரில் இருக்கிறாளே, அவளிடம் யார் சொல்வது என்றெல்லாம் மனசு ஓடியது. கையில் இருக்கிற கருவியின் ஆபத்து பட்டனை அமுக்கினால் என்னைத் தேடி வருவார்கள். ஆனால் நான் தொலையவில்லையே. 'ஃப்ரெண்ட் கிளம்பிப் போய் இன்னும் திரும்பவில்லை' என்று பெட்டில்ஸ் நம்பருக்கு மெசேஜ் அடித்தேன். பதில்: 'இங்கிருந்து 10.05க்குக் கிளம்பிவிட்டார்.' மணி அப்போது 11.40.

11.50க்கு வளைவுக்கு அப்பால் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆறு சிலிண்டர். எம்.எஸ்., பாலமுரளி எல்லாம் கேட்டிருக்கிறேன் சார், இதற்கு ஈடு இல்லை.

நண்பன் இறங்கி, "ஸாரிடா. வழியில மேகம். கீழ ஒரு திட்டுல இறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றான்.

"ஒரு மணி நேரமா? நான் இங்க செத்துப் பிழைச்சேன்டா!"

"அவசரப்பட்டிருந்தா பதினொரு மணிக்கே வந்திருக்கலாம்" என்றான். கொஞ்சம் யோசித்து, "இல்ல, வராமலே இருந்திருக்கலாம்" என்றான்.

"பாவம், என்னதான் சாப்பிடுவீங்க?"

மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதே பள்ளத்தாக்கு, அதே வளைவு. இந்த முறை சுவர் இல்லை. தாழ்வாக ஓர் இடைவெளி தெரிந்தது என்றேனே, அந்த இடத்தில் இப்போது ஒரு மலைச் சரிவு முழுசாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒன்றும் பேசவில்லை.

அனக்டூவுக் பாஸில் சுமார் 400 பேர். நூனமியூட் என்ற மக்கள். காரிபூ மான் மந்தையின் பின்னாலேயே தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள், 1950ஐ ஒட்டிய வருஷங்களில்தான் இங்கே நிரந்தரமாகக் குடியமர்ந்தார்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடம், ஓர் அழகான மியூசியம், ஒரு கடை. கடையில் இருக்கிற ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டும் பறந்து வந்தது. விலையைப் பார்த்தால் நமக்குப் பறந்து போகத் தோன்றும்.

மியூசியத்து வாசலில் ஒரு பாட்டி, எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்தார்கள். சொன்னேன்.

"அங்கே பனி உண்டா?"

"கிடையாது பாட்டி."

"காரிபூ?"

"அதுவும் கிடையாது."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம், என்னதான் சாப்பிடுவீங்க?" என்றார்கள்.

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி இப்போது அவர்களுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரதேசத்தின் பெரிய மந்தையான மேற்கு ஆர்க்டிக் காரிபூ 2003ல் 4 லட்சத்து 90 ஆயிரம். 2023 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம். இதற்கிடையில் தெற்கே அம்ப்ளர் சுரங்கப் பகுதிக்கு 211 மைல் ரோடு ஒன்று போட, பூங்காவின் ஓரத்தை வெட்டிக்கொண்டு திட்டம். 2024ல் அமெரிக்க அரசாங்கம் வேண்டாம் என்றது. 2025 அக்டோபரில் அடுத்த அரசாங்கம் சரி என்றது. ரோடு வந்தால் சாமான் விலை குறையும், வேலை வரும் என்று சிலர். மான் வராது என்று சிலர். இரண்டு நாள் பறந்துவிட்டுப் போகிற நான் சொல்ல அதில் என்ன இருக்கிறது? பாட்டியின் கேள்வியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தபால் விமானம் வந்தது. ஊரே ஓடுபாதைக்கு வந்துவிட்டது. டயப்பர் பெட்டி, முட்டை, ஒரு சைக்கிள், யாருக்கோ ஒரு பிறந்தநாள் கேக். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு பெண், கையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. வரிசையாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பைலட்டுக்கு இருபத்தஞ்சு வயது இருக்கும். ஒரு காபி குடித்தார், வானத்தைப் பார்த்தார், கிளம்பிவிட்டார்.

ஃபேர்பேங்க்ஸ் வந்து இறங்கியபோது எனக்குரிய விமானம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. நண்பன் இன்ஜினை அணைத்ததும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து, வந்துவிட்டோம் என்று சொல்லி ஃப்ளைட் பிளானை முடித்தான்.

"அப்படி என்னடா அவசரம்?"

"சொன்ன நேரத்துக்கு மேல அரை மணி தாண்டினா தேட ஆரம்பிச்சுடுவாங்க."

யோசித்துப் பாருங்கள். கேரளா சைஸ் காட்டில், பெயர்கூடத் தெரியாத இரண்டு ஆட்கள் அரை மணி தாமதமானால், யாரோ ஒருவர் போனை எடுத்து ஊர் ஊராக விசாரிக்க ஆரம்பிக்கிறார்.

நான் ஆபீஸுக்கு இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் தேடவில்லை. என் நாற்காலியை மட்டும் பக்கத்து செக்ஷன்காரர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.